மாடல் ரயிலைப் பழசாகக் காட்டும் நிறத்தூளான வெதரிங் பவுடர் பூசினால் ஒட்டுவதில்லை, அதை நிலைநிறுத்த மேலே வார்னிஷ் ஸ்பிரே அடித்தால் மறைந்துவிடுகிறது. என்ன செய்வது?

பவுடரில் குறை இல்லைங்க, அடியில் இருக்கும் பரப்புதான் காரணம். வழவழப்பான பிளாஸ்டிக்கில் தூள் பிடிக்க இடமே இல்லை. மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் மெல்லிசாக ஒரு கோட் அடித்து, நன்றாகக் காய்ந்த அப்புறம் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள், பிடித்துக்கொள்ளும்.

ஸ்பிரே நிறத்தைக் கொஞ்சம் தின்பது உண்மைதான், அதிலும் வெளிர் நிறங்களை. அதனால் முதலிலேயே சற்று அழுத்தமாகப் பூசிவிட்டு, தள்ளிப் பிடித்துப் பனிபோலத் தூவுங்கள். அடிக்கடி கையில் எடுக்காத கட்டடங்களுக்கு ஸ்பிரேயே வேண்டாம் என்பது என் கட்சி.

ஆனால் பலரும் கோட்டை விடுவது எங்கே பூசுவது என்பதில்தான். பெட்டி முழுக்க ஒரே பழுப்பு அடித்தால் அது பழசாகத் தெரியாது, அழுக்காகத்தான் தெரியும். ஈரோடு ஜங்ஷனில் நிற்கும் சரக்கு வேகனை உற்றுப் பாருங்கள். சக்கரத்தைச் சுற்றியும் அடிச்சட்டத்திலும் பிரேக் கட்டைத் தூள் துருநிறமாகப் படிந்திருக்கும். டேங்கருக்கு மேல்மூடியிலிருந்து இரண்டு பக்கமும் வழிந்த கறை. மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி போகும் திறந்த வேகனுக்கு வெளியைவிட உள்ளேதான் வேலை அதிகம்: துரு, அதன்மேல் கரி. வழிந்த தடம் வேண்டுமானால் பிரஷ்ஷை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்து மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. சில பெயின்ட்டை அது கரைத்துவிடும், அடிப்பக்கம் ஒரு மூலையில் சோதித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் கூட்ஸ் ஷெட் செய்கிறீர்களா? மழையில் செம்மண் தெறித்து சுவரடியில் முழங்கால் உயரத்துக்கு ஏறியிருக்கும். 1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு மாடலில், அது 6 மி.மீ.கூட வராது, அதைத் தாண்டினால் வெள்ளம் வந்த வீடாகிவிடும். மலை ரயில் என்றால் புகைக்கரி மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரைக்கும் பொருந்தும். அதற்கு மேலே வழக்கமாக ஓடுவது டீசல் எஞ்சின்.

விலை கட்டுப்படியாகவில்லை என்றால் சாஃப்ட் பேஸ்டல் குச்சியை உப்புத்தாளில் தேய்த்து எடுத்த தூளே போதும். ஆயில் பேஸ்டல் ஆகவே ஆகாது. மாஸ்க் போட்டுக்கொண்டு ஃபேனை அணைத்துவிடுங்கள். ஆடிக் காற்றில் ஜன்னலும் திறந்திருந்தால் தூள் பாலக்காட்டுக் கணவாயில் வந்த காற்றோடு போய்விடும். சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடத்தை மட்டும் கடைசியில் சுத்தமாகத் துடையுங்கள், இல்லாவிட்டால் கரண்ட் எடுக்காமல் எஞ்சின் விக்கி விக்கி நிற்கும்.