கோர்ட் கொடுத்த வக்கீல் கேள்வியே கேட்கவில்லை: அப்பீல் செல்லுமா?

கேள்வி: கொலை வழக்கில் என் தம்பிக்கு ஆயுள் தண்டனை கொடுத்து 45 நாள் ஆகிறது. பாளையங்கோட்டை ஜெயிலில் இருக்கிறான். வக்கீல் வைக்க எங்களுக்கு வசதியில்லை. கோர்ட்டே ஒருவரை நியமித்தது. அவர் வந்த அன்றே, நேரில் பார்த்த சாட்சியை விசாரித்தார்கள். அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இதை வைத்து அப்பீல் போடலாமா?
– ஒரு அக்கா, அம்பாசமுத்திரம்

பதில்: முதலில் நாளைப் பாருங்கள் அம்மா. ஆயுள் தண்டனையை எதிர்த்து ஹைகோர்ட் மதுரைக் கிளையில் அப்பீல் போட 60 நாள்தான் கெடு. தாண்டினால் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். அப்படிக் கேட்க வேண்டிய நிலை வராமல் கெடுவுக்குள் போட்டுவிடுவது நல்லது. தீர்ப்பு நகலைத் தம்பிக்கு இலவசமாகக் கொடுத்திருக்க வேண்டும். அடுத்து ஜெயிலில் அவனைப் பார்க்க (மனு பார்க்க) போகும்போது கேட்டு வாங்குங்கள்.

'வக்கீல் சரியில்லை' என்று மொட்டையாக எழுதினால் நீதிபதிகள் அசைய மாட்டார்கள். தோற்ற கட்சிக்காரர் எல்லோரும் சொல்வதுதானே! முந்தைய வக்கீல் சரியாகக் கேட்கவில்லை என்பதற்காக மட்டும் சாட்சியைத் திரும்பக் கூப்பிட முடியாது என்று 2015-ல் டெல்லி வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது.

உங்கள் வழக்கின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது: அந்த 'வந்த அன்றே'. மத்தியப் பிரதேசத்தின் அனோகிலால் வழக்கில், இலவச வக்கீலை நியமித்த அன்றே குற்றச்சாட்டு வனைந்தார்கள் (என்னென்ன குற்றம் என்று கோர்ட் முறைப்படி பதிவு செய்வது). 2019-ல் சுப்ரீம் கோர்ட் அவருக்கு விதித்த மரண தண்டனையை ரத்து செய்து, வழக்கைப் புதிதாக விசாரிக்க அனுப்பியது. ஆயுளோ மரணமோ கிடைக்கக்கூடிய வழக்குக்கு 10 ஆண்டாவது தொழில் செய்த வக்கீல் வேண்டும், தயாராகக் குறைந்தது 7 நாள் தர வேண்டும் என்றும் சொன்னது.

ஆகவே வக்கீலை நியமித்த தேதி, அவர் கைக்குக் கேஸ் கட்டு வந்த தேதி, 'குறுக்கு விசாரணை இல்லை' என்று பதிவான சாட்சியம் ஆகியவற்றின் நகல்களை எடுங்கள். கேட்காததால் என்ன கெட்டது என்பதையும் காட்ட வேண்டும். உதாரணமாக, அந்தச் சாட்சி எவ்வளவு வெளிச்சத்தில், எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தார்? காயங்களைப் பற்றி அவர் சொன்னதும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் ஒத்துப்போகிறதா?

ஒரு எச்சரிக்கை. மறுவிசாரணையை மட்டும் கேட்காதீர்கள். தம்பி மறுபடி முதலிலிருந்து கோர்ட்டுக்கு அலைய வேண்டிவரும். முதலில் விடுதலை, அது இல்லையென்றால் மறுவிசாரணை என்று கேளுங்கள். தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கேட்கும் மனுவும் கூடவே போகட்டும்.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. ஜெயில் கண்காணிப்பாளர் மூலமே தம்பி எழுதிக் கொடுக்கலாம். இந்த முறை வரும் வக்கீலிடம், கட்டை முழுசாகப் படிக்க எத்தனை நாள் வேண்டும் என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.