தாய் மரம்: ஒரு கடிதமும் ஒரு திருத்தமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மண்ணுக்கடியில் பூஞ்சை இழைகள் வழியாக மரங்கள் பேசிக்கொள்கின்றன, தாய் மரம் தன் கன்றுகளுக்கு உணவு அனுப்புகிறது என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அதை என் மகளுக்குச் சிறு வயதில் எத்தனையோ முறை கதையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது தாவரவியல் படிக்கும் அவள், "அதெல்லாம் நிரூபணம் ஆகவில்லை அப்பா, 2023லேயே மறுத்து எழுதிவிட்டார்கள்" என்கிறாள். அப்படியானால் அந்த ஆய்வுகள் பொய்யா?

எம்.

அன்புள்ள எம்.,

மகள் சொல்வது பெரும்பாலும் சரி. அந்தக் கட்டுரையை எழுதியபோது நான் மூல ஆய்வைப் படித்திருக்கவில்லை. அதைப் பற்றி மற்றவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு எழுதினேன். தப்பு என்னுடையது.

வேர்ப்பூஞ்சை இருப்பதில் சந்தேகமே வேண்டாம். 1885இல் ஃபிராங்க் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் அதற்கு மைக்கோரைசா என்று பெயர் வைத்தார். பூஞ்சை மண்ணிலிருந்து பாஸ்பரஸும் நைட்ரஜனும் எடுத்துக் கொடுக்கும், மரம் சர்க்கரை கொடுக்கும். தகராறு அதற்கு அடுத்த படியில். ஒரே பூஞ்சை இரண்டு மரங்களை வலைபோல இணைத்து ஒன்றின் சர்க்கரையை இன்னொன்றுக்குக் கடத்துகிறதா? கடத்தினாலும், வாங்கும் மரம் அதனால் பிழைக்கிறதா?

1997இல் கனடாவின் வன ஆய்வாளர் சூசன் சிமார்டும் அவருடைய சகாக்களும் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட சோதனையிலிருந்துதான் எல்லாம் கிளம்பியது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிர்ச் கன்றையும் டக்ளஸ் ஃபிர் கன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்தார்கள். இலைகளைப் பையால் மூடி, ஒன்றுக்குக் கார்பன்-13 கலந்த வாயு, மற்றதற்குக் கார்பன்-14 கலந்த வாயு (எதனுடைய கார்பன் எங்கே போகிறது என்று அடையாளம் காண இரண்டு வகை). சில நாள் கழித்துப் பார்த்தால் இதனுடையது அதிலும் அதனுடையது இதிலும் இருந்தது. கொடுத்ததைக் கழித்துப் பார்த்தால் ஃபிருக்கு லாபம்: ஒளிச்சேர்க்கையில் அது எடுத்துக்கொண்டதில் சராசரியாக 6 சதவீதம். ஆழ்ந்த நிழலில் இருந்த ஃபிருக்கு இன்னும் கூடுதல். இன்றைக்குப் படித்தாலும் அழகான சோதனைதான்.

ஆனால் அங்கே மூன்றாவதாக ஒரு சீடார் (cedar) மரக் கன்றும் இருந்தது. அது வேறு வகைப் பூஞ்சையோடு சேர்வது, எனவே அந்த வலையில் சேராதது. அதற்கும் கார்பன் போயிருந்தது! மற்ற இரண்டும் சேர்ந்து பெற்றதில் 18 சதவீதம். வலையே இல்லாமல், மண் வழியாகவும் கார்பன் கசியும் என்றுதானே அர்த்தம்? கட்டுரையிலேயே இருக்கும் இந்த 18 ஜனரஞ்சக எழுத்துக்கு வந்து சேரவில்லை. என் எழுத்துக்கும்தான். அப்புறம் இன்னொன்று. பிர்ச்சும் ஃபிரும் வேறு வேறு இனங்கள், இரண்டுமே கன்றுகள். தாய் என்று அந்தச் சோதனையில் யாருமே இல்லை.

மகள் சொன்ன 2023 கட்டுரையை ஜஸ்டின் கார்ஸ்ட், மெலனி ஜோன்ஸ், ஜேசன் ஹோக்செமா மூவரும் எழுதினார்கள். இதில் மெலனி ஜோன்ஸ் 1997 கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். தன் கை பட்ட வேலையையும் சேர்த்தே 25 வருடம் கழித்துத் தராசில் வைத்தார், அதற்கு ஒரு மனசு வேண்டும். களத்தில் நடந்த ஆய்வுகளை எடுத்து அவர்கள் சொன்னது இது: காடுகளில் இந்த வலை பரவலாக இருக்கிறது என்று சொல்லச் சான்று போதாது. அதனால் கன்றுகள் தழைக்கின்றன என்பதற்கு வேறு விளக்கங்களும் பொருந்தும். முதிர்ந்த மரம் தன் பிள்ளையை அடையாளம் கண்டு வலை வழியாக அனுப்புகிறது என்பதற்குக் களச் சான்றே இல்லை. சிமார்ட் தன் முடிவுகளில் உறுதியாக நிற்கிறார். விவாதம் முடியவில்லை.

முடியாததற்குக் காரணம் உண்டு. 2016இல் சுவிட்சர்லாந்தில் 40 மீட்டர் உயர ஸ்புரூஸ் மரங்களுக்கு அடையாளமிட்ட கார்பனைக் கொடுத்து, பக்கத்திலிருந்த வேறு இன மரங்களின் மெல்லிய வேர்களில் அதைக் கண்டுபிடித்தார்கள். பெரிய விஷயம். ஆனால் அந்த வேர்களின் நுனியைப் பூஞ்சை உறைபோலப் போர்த்தியிருக்கும். அளந்த கார்பன் மரத்துக்குள் போனதா, பூஞ்சையே வைத்துக்கொண்டதா என்று பிரிப்பது சுலபமில்லை. நாம் பூஞ்சையை வெறும் குழாயாக நினைக்கிறோம். அதற்கும் வயிறு இருக்கிறது.

தாய்ப்பாசத்துக்கு நேர் எதிரான சான்றும் உண்டு. 2000இல் பேக்கர், கிளே இருவரும் அமெரிக்காவின் கருஞ்செர்ரி மரத்தைப் பார்த்தார்கள். தாயின் காலடியில் முளைத்தவை கொத்தாகச் செத்தன, தள்ளி முளைத்தவை தப்பின. தாயின் அடி மண்ணில் குடியிருந்த பித்தியம் என்ற நோய்க்கிருமிதான் காரணம், அந்த மண்ணைக் கிருமி நீக்கியதும் கன்றுகள் பிழைத்தன. இப்படி நடக்கும் என்று ஜான்சென், கானெல் இருவரும் 1970, 71லேயே தனித்தனியாகச் சொல்லியிருந்தார்கள். சொந்த இனக் கன்று தாயருகே சாவதால்தான் அந்த இடம் வேறு இனத்துக்குக் கிடைக்கிறது, காட்டில் இத்தனை வகை மரங்கள் சேர்ந்து வாழ முடிகிறது என்பது அவர்கள் வாதம். பெலீஸ் நாட்டு மழைக்காட்டில் இத்தகைய நோய்க்கிருமிகளை அடக்கப் பூஞ்சைக்கொல்லி தெளித்துப் பார்த்தபோது (2014) நாற்றுகளின் இன வகை குறைந்தே போனது. எனக்கு இது தாய் மரக் கதையைவிடப் பிடித்திருக்கிறது, கொஞ்சம் கொடூரமாக இருந்தாலும்.

ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் பூஞ்சை வழியாகக் கார்பன் போகவே போகாதா என்றால், போகும். மோனோட்ரோப்பா என்று ஒரு செடி, பச்சையமே இல்லாமல் வெளுத்து நிற்கும். மரத்தோடு இணைந்த பூஞ்சையிடமிருந்து சர்க்கரையை உறிஞ்சியே வாழ்கிறது. பதிலுக்கு அது எதையும் கொடுப்பதாகத் தெரியவில்லை. மகளிடம் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வாள்.

பழைய கட்டுரையின் தலைப்பில் திருத்தக் குறிப்பு சேர்த்துவிட்டேன்.