‘லைசென்ஸ் வேண்டாத விண்டோஸ்’ போட்டுத் தருகிறேன் என்கிறாரா?

வாசகர் கேள்வி: ஸ்டிக்கர் கட்டிங் கடை வைத்திருக்கிறேன். 2008-ல் வாங்கிய எக்ஸ்பி கம்ப்யூட்டரில்தான் கட்டிங் மெஷின் ஓடுகிறது. அதில் உள்ள தமிழ் எழுத்துரு மென்பொருளுக்கு, பழைய பிரின்டர் போர்ட்டில் செருகும் டாங்கிள் பூட்டு உண்டு; அது செருகியிருந்தால்தான் மென்பொருள் திறக்கும். பில் போட ஒரு லேப்டாப் இருக்கிறது. ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. அது 11-க்கு ஏறாதாம். சர்வீஸ் பார்ப்பவர், “ரெண்டுலயும் ரியாக்ட்ஓஎஸ் போட்டுடலாம் சார், அப்படியே விண்டோஸ் மாதிரி இருக்கும், லைசென்ஸ் தொல்லையே இல்ல, ஒரு கம்ப்யூட்டருக்கு 3,500 ரூபாய்” என்கிறார். போடலாமா?

பதில்: போட வேண்டாம். கம்ப்யூட்டர் ஏற்கெனவே அவர் கையில் இருந்தால், ஹார்ட் டிஸ்க்கைத் தொட வேண்டாம் என்று இப்போதே போன் செய்துவிட்டு வாருங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம். ஃபார்மேட் செய்துவிட்டால் அந்த டாங்கிள் மென்பொருளைத் திரும்ப ஏற்ற உங்களிடம் சிடி இருக்கிறதா? பெரும்பாலான கடைகளில் இருக்காது.

ரியாக்ட்ஓஎஸ் மோசடி இல்லை. விண்டோஸ் மென்பொருளை ஓட்டுவதற்காக எழுதப்படும் ஓர் இயங்குதளம்; நேர்மையான, இலவசமான திட்டம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். சர்வீஸ்காரர் உங்களிடம் வாங்குவது முழுக்க முழுக்க வேலைக்கூலி. அதில் சட்டப்படி தப்பும் இல்லை. தப்பு, அதை “விண்டோஸ் மாதிரி” என்று சொல்வதில் இருக்கிறது. அந்தத் திட்டத்தை நடத்துபவர்களே அதை இன்னும் ‘ஆல்ஃபா’ நிலை என்றுதான் சொல்கிறார்கள். அதாவது, சோதித்துப் பார்க்கத்தான், கடை நடத்த அல்ல. செய்கிறவரே இப்படிச் சொல்லும்போது விற்கிறவர் வேறு மாதிரி சொன்னால் யாரை நம்புவது?

ஏன் இத்தனை ஆண்டு ஆகியும் ஆல்ஃபா? 1996-ல் விண்டோஸ் 95-க்கு இலவச நகல் செய்வோம் என்று ‘ஃப்ரீவின்95’ என்ற பெயரில் கிளம்பியது. பேச்சிலேயே நின்றுபோய், 1998-ல் பெயரை மாற்றி, விண்டோஸ் என்டி குடும்பத்தை (எக்ஸ்பியும் அதில்தான்) குறி வைத்தது. இப்போதைய குறி, 2003-ல் வந்த விண்டோஸ் சர்வர். 0.4.0 பதிப்பு 2016-ல் வந்தது; 0.4.15 வர 2025 மார்ச் ஆயிற்று. சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பூட்டைத் திறந்தே பார்க்காமல், அதற்குள் போகும் ஆயிரக்கணக்கான சாவிகளை மட்டும் வைத்துக்கொண்டு அதேபோல் ஒரு பூட்டு செய்யச் சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் வேலை. ஒவ்வொரு விண்டோஸ் மென்பொருளும் ஒரு சாவி. மைக்ரோசாஃப்ட் வெளியில் எழுதிவைத்த விதிகள் கொஞ்சம், எழுதாமல் உள்ளே நடப்பவை ஏராளம். சில மென்பொருள்கள் விண்டோஸில் இருந்த பிழையை நம்பியே எழுதப்பட்டவை. நகலிலும் அதே பிழை அதே இடத்தில் இருந்தால்தான் அவை ஓடும்! மூல நிரலை எட்டிப் பார்க்கவும் கூடாது. 2006-ல், விண்டோஸைப் பிரித்துப் பார்த்து எழுதிய வரிகள் கலந்திருக்கின்றன என்ற சந்தேகம் கிளம்பியதும், புதிய வேலையை ஒதுக்கிவிட்டு நிரல் தணிக்கையில் இறங்க வேண்டியதாயிற்று.

இதைவிடப் பெரிய தலைவலி டிரைவர். உங்கள் கட்டிங் மெஷின், லேப்டாப்பின் வைஃபை, திரை, சவுண்டு என்று ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிப். அதோடு எப்படிப் பேசுவது என்ற விவரத்தை, சிப் செய்தவர் பெரும்பாலும் விண்டோஸுக்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். இயங்குதளம் எழுதுகிற ஐம்பது பேர் உட்கார்ந்து அத்தனையையும் எழுத முடியாது. அதனால்தான் ரியாக்ட்ஓஎஸ் பெரும்பாலும் மெய்நிகர் கணினிக்குள் (ஒரு கணினிக்குள் மென்பொருளால் உண்டாக்கும் போலிக் கணினி) நன்றாக ஓடுகிறது, கடை மேஜையில் இருக்கும் நிஜப் பெட்டியில் தடுமாறுகிறது. சர்வீஸ்காரர் உங்களுக்குக் காட்டிய டெமோ எதில் ஓடியது என்று கேளுங்கள்.

இணையத்தில் வேறு பெயர்களும் உங்கள் கண்ணில் படும். ஹைக்கூ: 2001-ல் பீ நிறுவனத்தின் சொத்துகளை பாம் (Palm) நிறுவனம் வாங்கியபோது அநாதையான பீஓஎஸ்ஸை விரும்பிகள் மறுபடி எழுதத் தொடங்கியது, அதன் ஐந்தாவது பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு, 2024 செப்டம்பரில் வந்தது. பழைய கணினியிலும் பறக்கும், அழகானதுதான். ஆனால் விண்டோஸ் மென்பொருளை ஓட்டுவது அதன் நோக்கமே இல்லை. செரினிட்டிஓஎஸ் என்று 2018-ல் தொடங்கிய ஒன்றும் உண்டு. அதற்காக எழுதிய பிரவுசர் மட்டுமே தனியாக ஒரு பெரிய வேலையாக வளர்ந்து, தொடங்கியவரே 2024-ல் இயங்குதளத்தை விட்டுவிட்டு பிரவுசரோடு போய்விட்டார். இன்றைக்கு பிரவுசர் எழுதுவது இயங்குதளம் எழுதுவதற்குச் சளைத்த வேலை இல்லை. தமிழைத் திரையில் காட்டுவதே ஒரு வேலை. ‘கொ’ என்று தட்டினால் க-வும் ஒற்றைக் குறியும்தான் உள்ளே சேமிப்பாகிறது. அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து எழுத்தின் இருபக்கமும் நிறுத்துவது இயங்குதளத்தின் பொறுப்பு. அந்தப் பகுதி இல்லாத தளத்தில் உங்கள் கடைப் பெயரே சிதைந்து வரும்.

சரி, என்ன செய்வது? இரண்டு கம்ப்யூட்டருக்கும் ஒரே மருந்து கிடையாது.

எக்ஸ்பி பெட்டியை அப்படியே வையுங்கள். பழையதை மாற்றச் சொல்லாமல் வைத்துக்கொள்ளச் சொல்வது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்: டாங்கிள். அந்தப் பூட்டு, இயங்குதளத்தின் அடிவயிற்றில் ஓடும் ஒரு டிரைவர் வழியாகப் பேசுகிறது. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் விண்டோஸ் மென்பொருளை ஓட்டும் ‘வைன்’ மேல்மாடியை மட்டும் நகல் செய்கிறது. இந்த டிரைவர் அதற்குள் ஏறாது. ரியாக்ட்ஓஎஸ் ஏற்றப் பார்க்கும், அது பாராட்ட வேண்டியது. ஏறும் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். “யுஎஸ்பி டு பிரின்டர் போர்ட் கேபிள் போட்டா புது லேப்டாப்லயே டாங்கிள் ஓடும்” என்று ஒருவர் 600 ரூபாய்க்கு விற்பார். ஓடாது. அந்தக் கேபிள் பிரின்டரோடு மட்டும் பேசத் தெரிந்தது. டாங்கிள் மென்பொருள் தேடுவதோ மதர்போர்டில் 378 என்ற முகவரியில் இருக்கும் நிஜ போர்ட்டை. மெய்நிகர் கணினிக்குள் எக்ஸ்பியை நகர்த்தலாம் என்பார்கள். யுஎஸ்பி டாங்கிள் என்றால் முயலலாம், பிரின்டர் போர்ட் டாங்கிளுக்குச் சரிப்படாது. போதாக்குறைக்கு, பெட்டியோடு வந்த எக்ஸ்பி லைசென்ஸ் அந்தப் பெட்டிக்கு மட்டும்தான்.

எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்டின் பாதுகாப்பு ஆதரவு 2014 ஏப்ரல் 8-ல் முடிந்துவிட்டது. எனவே இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். வைஃபை டாங்கிள் செருகியிருந்தால் அதையும். பிறகு டிஸ்க்குக்கு நகல். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி, லினக்ஸ் மின்ட் (லினக்ஸில் ஒரு வகை) பென்டிரைவில் இருந்து எழுப்பிய லேப்டாப்பில் செருகுங்கள். ‘டிஸ்க்ஸ்’ என்ற கருவியில் அந்த டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து ‘கிரியேட் டிஸ்க் இமேஜ்’ கொடுத்தால் போதும். 160 ஜிபி டிஸ்க் என்றால் நகலும் 160 ஜிபி. வெளி டிஸ்க் ஃபேட்32-ல் இருந்தால் 4 ஜிபியில் நின்றுவிடும், என்டிஎஃப்எஸ்-ல் வையுங்கள். அந்த நகலை அதே அளவோ பெரியதோ ஆன இன்னொரு டிஸ்க்கில் ‘ரிஸ்டோர்’ செய்து, எக்ஸ்பி பெட்டியில் மாட்டி, டாங்கிள் மென்பொருள் திறக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு எடுத்து வையுங்கள். திறந்து பார்க்காத நகல் நகலே இல்லை. கூடவே மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற காசு பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். அது செத்தால் தேதியும் பயாஸ் அமைப்பும் பறிபோய், பிரின்டர் போர்ட்டின் அமைப்பும் மாறிவிடும்.

இந்தப் பெட்டியில் இனி எழுத்து அமைக்கும் வேலை மட்டும். வெட்டுவது லேப்டாப்பில் இருந்து. முடிந்ததும் எழுத்துகளைக் கர்வ்ஸாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றி (கோரல்டிராவில் கன்ட்ரோல்-க்யூ) பிடிஎஃப்பாக வெளியே எடுங்கள். கர்வ்ஸ் ஆக்காமல் எடுத்தால், பழைய எழுத்துரு இல்லாத கணினியில் கிறுக்கல்தான் வரும். எஸ்விஜி என்ற கோப்பு வகையில் எடுக்க வேண்டாம். சில மென்பொருள் அங்குலத்துக்கு 90 புள்ளி, சில 96 என்று கணக்கு வைப்பதால் அளவு குறைந்தோ கூடியோ போகும்.

லேப்டாப்புக்கு லினக்ஸ் மின்ட், எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. இன்னொரு 4 ஜிபி ரேமும் 240 ஜிபி எஸ்எஸ்டியும் போட்டால் இன்னும் பல வருடம் ஓடும். நன்றாக ஓடுகிற லேப்டாப்பை, எட்டாம் தலைமுறைக்குக் கீழ், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லை என்று சொல்லிக் குப்பைக்கு அனுப்பச் சொல்கிறார்களே, அந்த எரிச்சலை எங்கே போய்ச் சொல்வது? தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைப் பயன்படுத்தப் பள்ளியில் கற்றுக்கொடுத்திருந்தால் இன்றைக்கு ஊருக்கு நாலு பேராவது இந்த வேலை தெரிந்தவர்கள் இருந்திருப்பார்கள்.

மின்ட் போட்டதும் இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளை ஏற்றுங்கள். சாஃப்ட்வேர் மேனேஜர் இரண்டு விதமாகக் காட்டும்; ‘சிஸ்டம் பேக்கேஜ்’ என்பதையே எடுங்கள், ‘ஃபிளாட்பேக்’ வேண்டாம். அது தனி அறைக்குள் ஓடுவதால் மெஷின் போர்ட் அதன் கண்ணில் படாது. ‘யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ்’ பகுதியில் உங்கள் பெயரை ‘டயல்அவுட்’ என்ற குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். இதைச் செய்யாமல் “மெஷின் கனெக்ட் ஆகல” என்று கிடந்து அல்லாடுபவர்கள்தான் அதிகம். மின்ட் 21 என்றால் இன்னொன்று: பிரெய்ல் கருவிகளுக்கான ‘பிஆர்எல்டிடிஒய்’ என்ற நிரல், மலிவு மெஷின்களில் இருக்கும் சிஎச்340 சிப்பைத் தன்னுடையது என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும். அதை நீக்கிவிடுங்கள்.

இனி கட்டிங். பிடிஎஃப்பை இங்க்ஸ்கேப்பில் திறந்து, எக்ஸ்டென்ஷன்ஸ், எக்ஸ்போர்ட், பிளாட் என்று போங்கள். போர்ட் பெயராக காம்1 இருக்கும். அதை அழித்து, டெவ் கோப்புறையில் உள்ள டிடிஒய்யுஎஸ்பி0 (/dev/ttyUSB0) என்பதைக் கொடுங்கள். வேகம், மெஷினின் சின்னத் திரையில் உள்ள எண்ணேதான், பெரும்பாலும் 9600. கட்டளை மொழி எச்பிஜிஎல். ரெசல்யூஷன் 1016, ஏனென்றால் எச்பிஜிஎல்லில் ஒரு மில்லிமீட்டர் என்பது 40 படி, ஓர் அங்குலம் 25.4 மி.மீ. முதலில் 100 மி.மீ. சதுரம் ஒன்று வெட்டி ஸ்கேலால் அளந்து பாருங்கள். 98 வந்தால் 1016-ஐ 98-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கி, 1036.7 என்று போடுங்கள். கத்தி ஆஃப்செட் (கத்தி முனை மையத்தை விட்டு விலகியிருக்கும் தூரம்) 0.25 மி.மீ.; சுழியமாக விட்டால் மூலைகள் உருண்டு வரும். ஓவர்கட் (வெட்டு தொடங்கிய இடத்தைத் தாண்டியும் கொஞ்சம் வெட்டுவது) 1 மி.மீ. இல்லாவிட்டால் ‘ழ’, ‘கூ’ போன்ற எழுத்துகளின் சுழி சேருமிடம் அறுபடாமல், உரிக்கும்போது எழுத்தோடு கிழியும்.

சின்ன எழுத்து சரியாக வெட்டி, பெரிய போர்டு பாதியில் கோணல்மாணலாகக் குறுக்கே கோடு இழுத்தால் கத்தியையோ மெஷினையோ பழிக்காதீர்கள். ஃப்ளோ கன்ட்ரோல் பொருந்தவில்லை. மெஷினின் நினைவகம் நிரம்பியதும் “பொறு” என்கிறது, கம்ப்யூட்டர் காதில் விழாமல் கொட்டிக்கொண்டே இருக்கிறது, நடுவில் கொஞ்சம் தொலைந்துபோகிறது. எக்ஸ்ஆன்-எக்ஸ்ஆஃப், ஆர்டிஎஸ்-சிடிஎஸ் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், ஒன்று நிற்கும். மெஷினே அசையாவிட்டால் வேகத்தைச் சரிபாருங்கள்.

லேப்டாப்பில் விண்டோஸே வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. விண்டோஸ் 10-ன் ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தாலும், 22எச்2 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். இதற்கு 400 ரூபாய் ‘லைஃப்டைம் கீ’ தேவையில்லை. அந்தச் சாவிகள் பல, ஏதோ ஒரு கம்பெனிக்கு மொத்தமாகக் கொடுத்தவற்றில் இருந்து கழன்றவை. என்றைக்கு முடக்குவார்கள் என்று விற்றவருக்கே தெரியாது. “ஆன்டிவைரஸை மட்டும் ஆஃப் பண்ணிக்குங்க” என்று சொல்லி ஆக்டிவேட்டர் (லைசென்ஸ் இல்லாமலே விண்டோஸை இயக்க வைக்கும் நிரல்) போடுபவரை லேப்டாப்புக்குப் பக்கத்திலேயே விடாதீர்கள். ‘லைட் எடிஷன்’ என்று பென்டிரைவில் கொண்டுவருவதும் அதே கதை. யாரோ எதையோ வெட்டி, எதையோ சேர்த்துச் செய்தது. அதில்தான் நீங்கள் ஜிஎஸ்டி கடவுச்சொல்லைத் தட்டப் போகிறீர்கள்.

சர்வீஸ்காரருக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும் என்றால், டிஸ்க் நகல் எடுக்கும் வேலையைக் கொடுங்கள். பணம் கொடுக்கும் முன், நகல் டிஸ்க்கைப் பெட்டியில் மாட்டி, உங்கள் கண் முன்னால் டாங்கிள் மென்பொருளைத் திறந்து ஒரு வரி தட்டிக் காட்டச் சொல்லுங்கள்.