குழாயை மூடிவிட்டு வெளியே வாருங்கள்

கேள்வி: எனக்கு 34 வயது. திருமணமாகி ஆறு வருடம் ஆகிறது. சபையில் வாலிபர் கூட்டம் நடத்துகிறேன். ஆனால் இரவில் மனைவி தூங்கியதும் செல்போனில் ஆபாசப் படம் பார்க்கும் பழக்கத்தை விட முடியவில்லை. சத்தம் கேட்கக் கூடாதென்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். பிசாசின் பிடியிலிருந்து விடுபட ஜெபிக்கும் விடுதலைக் கூட்டத்துக்குப் போனேன். தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். மூன்று வாரம் நன்றாக இருந்தேன், மறுபடியும் விழுந்துவிட்டேன். எனக்குள் அசுத்த ஆவி இருக்கிறதா? இல்லை, எனக்கு விசுவாசமே இல்லையா?

பதில்: தம்பி, கடிதத்தில் அந்தக் குழாயைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு உங்களுக்குள் ஆவி இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். வேறு யாராவது அவசரமாகச் சொன்னாலும் நம்பாதீர்கள். “நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்” என்ற ரோமர் 7:19 அப்போஸ்தலர் பவுலே எழுதிய வசனம். அதைப் படித்துவிட்டுப் பவுலுக்குப் பேயோட்ட யாரும் போகவில்லை.

அதற்காகச் சத்துருவாகிய பிசாசு இல்லை என்று சொல்லவில்லை. அவன் இரண்டு வேலை செய்கிறான். விழுவதற்கு முன்னால், “இன்றைக்கு ஒருநாள்தானே” என்பான். விழுந்த அடுத்த நிமிடமே, “நீயெல்லாம் வாலிபர் கூட்டம் நடத்துகிறாயா?” என்று கேட்பான். வெளிப்படுத்தின விசேஷம் 12:10 அவனைச் சகோதரர்மேல் குற்றஞ்சுமத்துகிறவன் என்றே அழைக்கிறது. பரிசுத்த ஆவியானவரும் கண்டித்து உணர்த்துகிறார், ஆனால் அது வேறு மாதிரி இருக்கும். “போனைக் கீழே வை, எழுந்து போ” என்று செய்ய வேண்டியதைச் சொல்லும். “நீ அவ்வளவுதான்” என்று கதவைச் சாத்துகிற குரல் அவருடையது அல்ல. உங்கள் கடிதத்தின் கடைசிக் கேள்வியில் எனக்கு அந்த இரண்டாவது குரல்தான் கேட்கிறது.

சரி, குழாய்க்கு வருவோம். எபேசியர் 6-ஆம் அதிகாரத்தில் பவுல் சர்வாயுதவர்க்கத்தை, அதாவது பிசாசை எதிர்த்து நிற்கத் தேவன் தரும் முழுப் போர்க்கவசத்தை, வரிசையாகச் சொல்கிறார். நாம் நேரே தேவவசனம் என்னும் பட்டயத்துக்கு (வாளுக்கு) போய்விடுவோம்: வசனத்தைச் சொல்லு, பிசாசைத் துரத்து. ஆனால் அவர் முதலில் சொல்வது இடுப்பில் கட்டும் அரைக்கச்சை, சத்தியம் (உண்மை) என்னும் கச்சை. பட்டயம் 17-ஆம் வசனத்தில்தான் வருகிறது. நீங்கள் கச்சையைக் கட்டாமல் பட்டயத்தை வீசிக்கொண்டிருக்கிறீர்கள். தண்ணீர் ஓடும் சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சொல்லும் வசனம் எப்படி உதவும்?

இன்னொன்று. அதே பகுதியில் “நில்லுங்கள்” என்று தமிழில் படிக்கும்போது, என்னை மரியாதையாகக் கூப்பிட்டுச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்கிறோம். மூலமொழியில் அது பன்மை. ஒரு சபைக்கே சொன்ன கட்டளை அது. தனியாக ஒரு சேவகன் கவசம் மாட்டிக்கொண்டு நிற்பதுபோல நாமாக ஒரு படம் வரைந்துவிட்டோம் (ஞாயிறு பள்ளிச் சுவரில் இருக்கும் அந்தப் படத்துக்கும் இதில் பங்கு உண்டு). எழுதியவரோ சங்கிலியில் இருந்தார். “எனக்காகவும் விண்ணப்பம்பண்ணுங்கள்” என்று கேட்டுத்தான் அந்தப் பகுதியை முடிக்கிறார்.

செத்து அடக்கம்பண்ணப்பட்டபின் இயேசு உயிரோடு எழுப்பிய லாசருவை நினைத்துப் பாருங்கள். கல்லறையிலிருந்து உயிரோடு வந்துவிட்டான். ஆனால் கை கால் பிரேதச் சீலையால் கட்டியிருந்தது, முகத்தையும் சுற்றியிருந்தது. உயிர் கொடுத்தவருக்குச் சீலையை அவிழ்க்கத் தெரியாதா? இருந்தும் பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்து, “இவனைக் கட்டவிழ்த்துவிடுங்கள்” என்றார். நீங்கள் மறுபடி விழுந்ததால் அந்த மூன்று வாரம் பொய்யாகிவிடாது. கட்டு இன்னும் மிச்சம் இருக்கிறது, அதை அவிழ்க்க வேறு ஒருவருடைய கை வேண்டும். யாக்கோபு 5:16-ம் இதைத்தான் சொல்கிறது: குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள், ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள், அப்போது சொஸ்தமாவீர்கள்.

அதனால் ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்கள். உங்களைவிட வயதில் மூத்தவர், வாய் காக்கிறவர், உங்கள் மழுப்பலுக்கு மயங்காதவர். அடுத்த சபைக்காரராக இருந்தாலும் பரவாயில்லை. அவரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள், குழாய் உட்பட. வாரம் ஒருநாள் அவரே உங்களைக் கூப்பிட்டுக் கேட்கட்டும். இரவில் போன் படுக்கையறைக்கும் குளியலறைக்கும் வர வேண்டாம், கூடத்திலேயே கிடக்கட்டும். அலாரத்துக்குத் தனியாக ஒரு கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். இது விசுவாசக் குறைச்சல் அல்ல. தூக்கம் கெட்டு, வேலை கெட்டு, நிறுத்தவே முடியவில்லை என்றால் மனநல ஆலோசகரிடம் போங்கள், அதுவும் விசுவாசக் குறைச்சல் அல்ல. வாலிபர் கூட்டத்தைச் சில மாதம் வேறொருவர் நடத்தட்டும், நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள்.

மனைவியிடம் சொல்ல வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. சொல்லத்தான் வேண்டும். ஆனால் குற்ற உணர்ச்சி தாங்காமல் நள்ளிரவில் அவரை எழுப்பிக் கொட்டிவிடாதீர்கள். அது உங்கள் பாரத்தை அவர் தலையில் இறக்கி வைப்பதாகிவிடும். முதலில் அந்த மூத்தவரிடம் பேசுங்கள், எப்போது எப்படிச் சொல்வதென்று அவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். சொன்ன பிறகு மனைவி கோபப்பட்டால் வசனம் காட்டாமல் கேட்டுக்கொள்ளுங்கள். அழ அவருக்கு உரிமை உண்டு.

அந்த மூத்தவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால், “அண்ணா, ஒரு விஷயம் சொல்லணும், முடிக்கிறவரைக்கும் நடுவில் எதுவும் கேட்காதீங்க” என்று போனில் சொல்லுங்கள். நேரில் போகும் தைரியம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.