வாய்க்குள் வைக்கும் மென்குழாய் ஏன் மடிகிறது?

கேள்வி: சேலம் கருப்பூர் பக்கம் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். ஏற்காட்டிலிருந்து நோயாளிகளை இறக்கிவரும் ஆம்புலன்ஸில் என் உறவினர் வேலை பார்க்கிறார். "மூச்சுவழி அடையாமலிருக்க வாய்க்குள் வைக்கிற ஏர்வே குழாய் கட்டி பிளாஸ்டிக். இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி ஆடும்போது உதடும் ஈறும் புண்ணாகிவிடுகிறது. மெத்தென்று ஒன்று செய்து கொடு" என்றார். 50 ஷோர் (ரப்பர் வகைப் பொருளின் கடினத்தைக் குறிக்கும் அளவு) சிலிகோனில், 8 மி.மீ. உள்விட்டம், 1 மி.மீ. சுவர் வைத்து நேர்க்குழாயாக வாங்கிப் பார்த்தேன். 3 செ.மீ. ஆரத்துக்கு வளைத்தாலே மடிகிறது. விரலால் அமுக்கினால் சப்பையாகிவிடுகிறது. 70 ஷோருக்கு மாறினால் சரியாகுமா? செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்த கொலுசுப் பட்டறையில் எவர்சில்வர் கம்பியைச் சுருளாகச் சுற்றித் தருவதாகச் சொல்கிறார்கள். அதைச் சுவருக்குள் புதைக்கலாமா?

பதில்: 70 ஷோருக்கு மாறினால் குழாயை வளைக்கக் கூடுதல் பலம் வேண்டியிருக்கும். ஆனால் மடிவது ஏறக்குறைய அதே ஆரத்தில்தான் மடியும். நம்பச் சிரமமாகத்தான் இருக்கும். நானும் ஆரம்பத்தில் நம்பாமல், மூன்று கடினத்தில் குழாய் வாங்கிப் பணத்தை வீணாக்கியவன்தான்.

வளைக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். வளைவின் வெளிப்பக்கச் சுவர் இழுபடுகிறது, உள்பக்கச் சுவர் நெருக்கப்படுகிறது. இரண்டுமே அந்த அவஸ்தையிலிருந்து தப்பிக்க நடுப்பகுதியை நோக்கி நகரப் பார்க்கின்றன. வட்டமாக இருந்த துளை முட்டை வடிவமாகிறது. அப்படி ஆனதும் குழாயின் எதிர்ப்புக் குறைகிறது, இன்னும் சப்பையாகிறது, ஒரு கட்டத்தில் டக்கென்று ஒரே இடத்தில் மடிப்பு விழுகிறது. பப்பாளி இலைக் காம்பில் பீப்பீ செய்து ஊதியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக வளையும், அப்புறம் திடீரென்று ஒடிந்து தொங்கும்.

பிரேசியர் என்பவர் 1927-இல் இதற்குக் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் பொருளின் விறைப்பு அடிபட்டுப் போகிறது. எந்த ஆரத்தில் மடியும் என்பதை முடிவு செய்பவை குழாயின் ஆரமும் சுவர்த் தடிமனும்தான். ரப்பர் வகைப் பொருளுக்கு அதை இப்படிச் சுருக்கலாம்: சுவரின் நடுக்கோடு வரையிலான ஆரத்தை வர்க்கப்படுத்தி, தடிமனால் வகுத்து, 1.84-ஆல் பெருக்குங்கள். உங்கள் குழாய்க்கு அந்த ஆரம் 4.5 மி.மீ., தடிமன் 1 மி.மீ. விடை சுமார் 37 மி.மீ. நீங்கள் 30-க்கு வளைத்தீர்கள், மடிந்தது. சுவரை 1.5 ஆக்கினால் விடை 28, 2 ஆக்கினால் 23. மெல்லிய சுவருக்கும் நீண்ட குழாய்க்கும் போட்ட கணக்கு இது. நிஜக் குழாயில் சுவர் ஒரு பக்கம் மெலிந்திருந்தாலே முன்கூட்டி மடியும். ஆகவே விடையை அப்படியே நம்பாமல், ஒரு வடிவத்தை இன்னொன்றோடு ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தடிமனை உள்பக்கமாக ஏற்றாதீர்கள். காற்று சீராக ஓடும்போது, துளையின் ஆரம் குறையக் குறையத் தடை அதன் நான்காம் அடுக்கில் ஏறும். 8 மி.மீ. துளை 7 ஆனாலே தடை 1.7 மடங்கு, 6 ஆனால் மூன்று மடங்குக்கு மேல். வாயில் இடம் இருக்கிறது. மொத்த விட்டம் 12 ஆனாலும் பரவாயில்லை, துளையை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால், உங்கள் உறவினர் சொன்ன குறையை இன்னொரு முறை படித்துப் பார்க்கலாம். புண்ணாவது உதடும் ஈறும். தொண்டை வலிக்கிறது என்று அவர் சொல்லவில்லை. வாய்வழி ஏர்வே என்பது காற்றுக் குழாய் மட்டுமல்ல. நினைவிழந்தவருடைய நாக்கு தளர்ந்து பின்னால் சரிந்து மூச்சுவழியை அடைக்கும். அதைத் தொண்டையின் பின்சுவரில் படாமல் தாங்கிப் பிடிப்பதுதான் இதன் முதல் வேலை. அமெரிக்க மயக்க மருந்து நிபுணர் ஆர்தர் கெடெல் 1933-இல் விவரித்த வடிவம் இன்றுவரை பெரிதாக மாறாததற்குக் காரணம் இதுவே: உதட்டுக்கு வெளியே நிற்கும் தட்டு, பல் படும் இடத்தில் கட்டியான நேர்ப்பகுதி, அப்புறம் நாக்கின் மேல் படியும் வளைவு. முழுக் குழாயையும் மெத்தென்று ஆக்கினால் நாக்கு அதைத் தள்ளிக்கொண்டு பின்னால் போய்விடும். மடியாத குழாயாக இருந்தும் பயன் இருக்காது.

ஒருவேளை குறை புண் பற்றியது அல்ல, அரைகுறை நினைவில் இருப்பவர் ஏர்வேயைத் துப்பப் பார்க்கிறார், குமட்டுகிறார் என்பதாக இருந்தால், அதற்கு மென்மையான வாய்க்குழாய் விடையே இல்லை. குமட்டல் உணர்வு இருப்பவருக்கு வாய்வழி ஏர்வே வைக்கக்கூடாது, வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் போகக்கூடும். அப்படிப்பட்டவர்களுக்கு மூக்கு வழியாக நுழைக்கும் மென்குழாய் ஏற்கனவே இருக்கிறது. மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்திருக்குமோ என்ற சந்தேகம் உள்ளவர்களுக்கு அதைத் தவிர்ப்பார்கள். மலைப்பாதை விபத்துகளில் அந்தச் சந்தேகம் அடிக்கடி வரும்.

சரி, புண்தான் பிரச்சினை என்றே வைத்துக்கொள்வோம். இப்போது பல்லுக்கு வருவோம். உங்கள் 1 மி.மீ. சுவர்க் குழாயில் ஒரு சென்டிமீட்டர் நீளத்தைச் சப்பையாக்க, கணக்குப்படி ஒன்றிரண்டு நியூட்டன் போதும். நூறு, இருநூறு கிராம் ஜவ்வரிசிப் பொட்டலம் தரும் அழுத்தம் அவ்வளவுதான். நசுங்குவதை எதிர்ப்பதில் கடினத்துக்கும் பங்கு உண்டு, 50-லிருந்து 70 ஷோருக்குப் போனால் எதிர்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். சுவரை அரை மி.மீ. கூட்டினாலோ மூன்று மடங்கு. இரண்டையும் சேர்த்து, 2 மி.மீ. சுவரும் 70 ஷோரும் வைத்தாலும் பதினைந்து, இருபது நியூட்டன்தான் தாங்கும். முன்பற்களாலேயே நூறு நியூட்டனுக்கு மேல் கடிக்க முடியும், கடைவாய்ப் பற்களின் பலம் அதைப்போலப் பல மடங்கு. ஆகவே சிலிகோன் சுவரால் பல்லை ஜெயிக்கும் முயற்சியை விட்டுவிடுங்கள். மயக்கம் தெளியும் நேரத்தில் வலுவான இளைஞர் ஒருவர் மூச்சுக்குழாய்க்குள் போட்ட குழாயை இறுகக் கடித்துக்கொண்டு, அடைபட்ட குழாய் வழியே முழுப் பலத்தோடு மூச்சிழுத்தால், சில நிமிடங்களில் நுரையீரலில் நீர் கோத்துவிடலாம். மயக்க மருந்து நிபுணர்கள் இதற்குப் பயப்படுவார்கள்.

இங்கேதான் கம்பிச் சுருள் யோசனை ஆபத்தாகிறது. சுருள் கம்பி வைத்த குழாய் மருத்துவத்துக்குப் புதிதல்ல, அறுவை அரங்கில் ஆர்மர்டு ட்யூப் என்பார்கள். வளைவில் மடியாமலிருக்க அதைவிட நல்ல வழி குறைவு. துளை முட்டை வடிவமாவதையே கம்பி வளையங்கள் தடுத்துவிடும், ஆனால் நீளவாக்கில் வளையவிடும். மூங்கிலின் கணுவும் அதே வேலையைத்தான் செய்கிறது. பப்பாளிக் காம்பில் கணு இல்லை, மூங்கிலில் இருக்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் கடித்தால்? வெறும் சிலிகோனைப் பல் விட்டதும் அது வட்டத்துக்குத் திரும்பிவிடும். எவர்சில்வர் கம்பி ஓர் அளவுக்கு மேல் நசுங்கினால் அப்படியே நின்றுவிடும், கூடவே சிலிகோனையும் பிடித்து வைத்துக்கொள்ளும். நோயாளி வாயைத் திறந்த பிறகும் துளை அடைபட்டே இருக்கும். வேலை பார்த்த காலத்தில் ஒரு முறை அப்படிக் கடிபட்ட குழாயைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நெருக்கமான சுருள், நடுவில் மட்டும் மிதிபட்ட கொலுசு போலத் தட்டையாகக் கிடந்தது. விரலால் நிமிர்த்தப் பார்த்தேன், நடக்கவில்லை. இதனால்தான் அந்தக் குழாய்களுக்குப் பல்லிடையில் தனித் தாங்கி வைப்பது வழக்கம்.

கம்பி வைத்தே தீருவேன் என்றால், பல் படும் இடத்தைத் தாண்டி வளைவில் மட்டும் வையுங்கள். எஃகுக்குப் பதில் நைலான் இழை நசுங்கலிலிருந்து ஓரளவு மீளும். நிட்டினால் என்ற நிக்கல்-டைட்டானியம் கலப்பு உலோகம் நன்றாகவே மீளும், விலைதான் அதிகம். எந்தக் கம்பியானாலும் அது முடிகிற இடம்தான் பலவீனம். கம்பி உள்ள பகுதிக்கும், பல் படும் இடத்தில் உள்ளே வைக்கும் கட்டியான செருகிக்கும் நடுவே 5 மி.மீ. வெறும் சிலிகோன் விட்டாலும் குழாய் சரியாக அங்கேதான் மடியும். கம்பி செருகியின் மேல் கொஞ்சம் ஏறி நிற்க வேண்டும். சுவர் அடுக்குகளுக்கு இடையே காற்றுக்குமிழி சிக்கினால், ஆட்டோகிளேவ் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) சூட்டில் அது உப்பி உள்பக்கமாகத் துளையை அடைக்கும். கொலுசுப் பட்டறைக்காரர்களின் கை நயத்தில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் கம்பியோடு சிலிகோன் ஒட்டாமல் போனால் அது அவர்கள் பொறுப்பு இல்லை.

நானாக இருந்தால் கம்பியே இல்லாமல் இப்படிச் செய்வேன். குழாயை நேராகச் செய்து வளைக்க மாட்டேன், வளைவாகவே அச்சில் வார்ப்பேன். உங்கள் குழாய் மடிவதற்குப் பாதிக் காரணம், அது எப்போதும் நேராக விரும்புகிற குழாய் என்பதுதான். பிறவியிலேயே வளைந்த குழாய்க்கு, அந்த நிலையில் சுவரில் எந்த இழுப்பும் இல்லை. வண்டி ஆடும்போது வரும் சிறு விலகல்களை மட்டும் தாங்கினால் போதும். துளை வருவதற்காக அச்சுக்குள் வைக்கும் உள்கோரை ஒரே ஆரமுள்ள வட்ட வில்லாகச் செய்யுங்கள், சுழற்றி உருவிவிடலாம். கொஞ்சம் அழுத்தக் காற்றை உள்ளே விட்டால் சிலிகோன் உப்பி எளிதாகக் கழன்றுவிடும். சுவர் 2 மி.மீ. இருக்கட்டும். வளைவுப் பகுதியின் வெளிப்புறத்தில் குறுக்குவாட்டில் வரம்புகள், இடைவெளி குழாயின் விட்டத்தில் பாதிக்குள். வரம்பின் முனைகளை மழுக்கிவிடுங்கள். வெண்டிலேட்டர் குழாய் மாதிரி உள்ளும் புறமும் நெளிவாக்க வேண்டாம், சளி தங்கும், உறிஞ்சும் குழாய் உள்ளே போகாமல் தட்டும்.

பல் படும் இடத்தில் 3 செ.மீ. அளவுக்கு பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் செருகி. மேலே சிலிகோன் உறை இருப்பதால் பல்லும் உதடும் தொடுவது மெத்தென்ற பரப்பைத்தான். உதட்டுத் தட்டின் விளிம்பும் அப்படியே. உங்கள் உறவினரின் குறையில் முக்கால்வாசி இங்கேயே தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். செருகி உட்காரும் இடத்தில் குழாயை அகலமாக வார்த்துக்கொள்ளுங்கள், துளை 8-லிருந்து குறையக்கூடாது. 170 டிகிரியில் சிலிகோனை வேக வைக்கும் அச்சுக்குள் பாலிப்ரொப்பிலீனைப் போட்டால் உருகிவிடும், எனவே வார்த்த பிறகு செருகுங்கள். இரண்டும் ஒட்டாது, பசையை நம்பாதீர்கள். செருகியின் வெளிமுனை குழாய்க்குள் நுழையவே முடியாத அகலத்தில் இருக்க வேண்டும். கழன்று தொண்டைக்குள் விழும் செருகி, நசுங்கிய குழாயைவிட மோசம்.

இன்னொரு சிறு யுக்தி. ஆக்சிஜன் கொடுக்கும் மெல்லிய குழாயைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், பலவற்றில் துளை வட்டமாக இருக்காது, உள்ளே நட்சத்திரம் போல வரம்புகள் ஓடும். யாராவது மிதித்தாலும் வரம்புகளுக்கு இடையே காற்று போகும். உங்கள் வளைவுப் பகுதியில் நீளவாக்கில் மூன்று தாழ்வான வரம்புகள் வைத்தால், எல்லாம் தவறிப்போய் மடிந்தாலும் வழி முழுதாக அடையாது. வரம்புகள் துளையில் கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த நஷ்டத்தை ஏற்கலாம்.

மூச்சிழுக்கும் உறிஞ்சலில் குழாய் ஒடுங்குமோ என்ற கவலை வேண்டாம். வட்டமாக இருக்கும்வரை உங்கள் இப்போதைய சுவரே அதைத் தாங்கும்.

சோதனையை அறைச் சூட்டில் செய்து ஏமாறாதீர்கள். 37 டிகிரி வெந்நீரில் ஊறவைத்துச் செய்யுங்கள், நாளை பிவிசிக்கோ பாலியூரித்தேனுக்கோ மாறினால் இது இன்னும் முக்கியம், அவை உடல் சூட்டில் தளரும். துளையின் முக்கால் அளவுக்கு, அதாவது 6 மி.மீ. பேரிங் குண்டு ஒன்றை வளைத்த குழாய்க்குள் விடுங்கள், தானாக உருண்டு வெளியே வர வேண்டும். நட்சத்திர வரம்பு வைத்தால் அந்த அளவுக்குச் சின்னக் குண்டு. கடிக்கு, முனை மழுங்கிய இரண்டு இரும்புப் பட்டைகளுக்கு நடுவே செருகிப் பகுதியை வைத்து 10 கிலோ தொங்கவிட்டு ஒரு மணி நேரம் பாருங்கள், அப்புறம் 20 கிலோ, 40 கிலோ என்று ஏற்றிப் பாருங்கள். எடையை எடுத்த பிறகு துளையை அளக்க மறக்காதீர்கள். சிலிகோனில் பல் தடம் வெட்டாகப் பதிந்திருந்தால் கவனம், சிறு வெட்டிலிருந்து கிழிசல் வேகமாக ஓடும் பொருள் அது. தடம் விழுந்ததைத் திரும்பப் பயன்படுத்தக்கூடாது.

எல்லாச் சோதனையும் மேசையிலும் பயிற்சிப் பொம்மையிலும் மட்டும். நண்பன் வாயிலும் வேண்டாம், உங்கள் வாயிலும் வேண்டாம். ஏர்வேக்கு ஐஎஸ்ஓ 5364 என்ற தரநிலை இருக்கிறது, உடலில் படும் பொருளுக்கு ஐஎஸ்ஓ 10993. கல்லூரி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டுமென்றால் 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகளின்படி உரிமம் வேண்டும். உறவினர் அவசரப்பட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சாயம் கலக்காத சிலிகோனையே எடுங்கள். மூச்சின் ஆவி படிவதும், ரத்தமோ வாந்தியோ ஏறுவதும் வெளியிலிருந்து தெரிய வேண்டும். அளவைக் காட்டும் நிறம் செருகியில் மட்டும் இருக்கட்டும்.