தீபாவளிப் போட்டிக்கு முன் கிரீனைத் துளையிடலாமா?

கேள்வி: எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம். சுற்றிலும் செம்பனை, நடுவில் துரைமார் காலத்து 9 குழி கோல்ஃப் திடல். கிளப்பின் சமூக நிகழ்ச்சிகளுக்கு நான் செயலாளர். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு காலையில் நட்புமுறைப் போட்டி, மாலையில் குடும்பங்களோடு திறந்த இல்ல உபசரிப்பு என்று செயற்குழு முடிவு செய்துவிட்டது. இப்போது திடல் மேற்பார்வையாளர், 'கிரீன் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) எல்லாம் மெத்தென்று ஆகிவிட்டது, அக்டோபர் நடுவில் துளையிட்டு மணல் போட்டே ஆக வேண்டும்' என்கிறார். வயதில் மூத்தவர், அவர் சொல்லைத் தட்ட மனம் வரவில்லை. எதைத் தள்ளிவைப்பது? 9ஆவது கிரீனை ஒட்டிக் கூடாரம் போடலாமா?

பதில்: துளையிடலைத் தள்ளிவையுங்கள், விருந்து நடக்கட்டும். விருந்தாளிகள் முகம் சுளிப்பார்களே என்பதற்காக இதைச் சொல்லவில்லை, மழைக்காகச் சொல்கிறேன். உங்கள் மேற்பார்வையாளர் நோயைச் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறார். மாதம்தான் சரியில்லை.

கிரீனில் வளரும் பெர்முடா புல்லுக்கு நம் நாட்டில் குளிர்காலம் கிடையாது, ஆண்டு முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் வசந்தகாலத்தில் இதைச் செய், இலையுதிர்காலத்தில் அதைச் செய் என்று சொல்லும் வெளிநாட்டுக் கையேடுகள் இங்கே உதவாது. நமக்குப் பருவம் என்றால் மழைதான். பேராக் உட்பகுதியில் அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் ஆண்டின் பெருமழை கொட்டும். ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாவது சுற்று வரும். ஜூன், ஜூலையிலும் பிப்ரவரியை ஒட்டியும் மழை குறையும். குவாந்தான், கோல திரெங்கானு பக்கம் கணக்கே வேறு. அங்கே வடகிழக்குப் பருவமழை நவம்பரிலிருந்து ஜனவரி வரை அடித்து ஊற்றும். கிழக்குக் கரை நண்பர்களின் நாள்காட்டியைப் பார்த்து நகலெடுத்துவிடாதீர்கள்.

புல்லின் அடியில் செத்த தண்டும் வேரும் சேர்ந்து ஒரு படலமாகப் படியும். அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே பந்து விழுந்தால் பள்ளம் ஏற்படும், கீழே வேர் மூச்சுத் திணறும். குழல் ஊசியால் மண்ணைக் குச்சி குச்சியாகப் பிடுங்கி எடுத்து, அந்தத் துளையில் மணலை நிரப்பினால் காற்றும் நீரும் இறங்க வழி கிடைக்கும். இதற்கு மணல் காய்ந்திருக்க வேண்டும், கிரீனின் மேற்பரப்பும் காய்ந்திருக்க வேண்டும். ஈர மணலைத் துளைக்குள் தள்ளப் பார்ப்பது, நமத்துப்போன உப்பை உப்புப் புட்டியிலிருந்து உதறப் பார்ப்பது போலத்தான். அக்டோபரில் மதியம் துளையிட்டால் மாலை மழை வந்து பாதி மணலைப் பக்கத்து மணற்குழியான பங்கருக்குள் அடித்துப்போகும். துளையின் வாயில் வண்டல் படிந்து மூடிவிடும். மேகம் மூடிய நாட்களில் வெயில் போதாமல் புல் ஆறவும் நாளாகும். இவ்வளவு செலவு செய்தும் படலம் அப்படியே இருக்கும்.

மேற்பார்வையாளரோடு வாதாட வேண்டாம். நாளைக் காலை அவர் குழியை இடம் மாற்றும்போது கூடவே நில்லுங்கள். குழி வெட்டும் கருவியில் வரும் மண் உருளையை நிமிர்த்திப் பாருங்கள். 108 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்த உருளைக்குள் கிரீனின் வரலாறே இருக்கிறது. மேலே பழுப்புப் படலம் எத்தனை மில்லிமீட்டர்? வெள்ளை வேர் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது? நடுவில் கறுப்புக் கோடு ஓடுகிறதா? முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அங்கே காற்றே போகவில்லை என்று அர்த்தம். ஒன்பது கிரீனிலும் இப்படிப் பார்த்து எழுதி வைத்தால், எந்த மூன்று கிரீனுக்கு அவசரம், எவை காத்திருக்கும் என்று செயற்குழு முன் பேச ஆதாரம் கையில் இருக்கும். பழைய தோட்டத் திடல்களில் பல கிரீன்கள் சரளையும் வடிகுழாயும் இல்லாமல், செம்மண்ணை மேடாக்கிப் புல் பதித்தவை. அவற்றில் வடிகாலுக்குப் பக்கத்துக் கிரீனும், மரநிழலில் காலை வெயில் படாத கிரீனும்தான் முதலில் கறுக்கும்.

நாற்றம் அடித்தாலும் அக்டோபரில் பெரிய துளை வேண்டாம். 6 அல்லது 8 மில்லிமீட்டர் பருமனுள்ள கெட்டி ஊசியை இறக்குங்கள். அது மண்ணை வெளியே எடுக்காது, காற்றுக்கு வழி மட்டும் விடும். 50 மில்லிமீட்டர் இடைவெளியில் 6 மில்லிமீட்டர் ஊசி போட்டால் மேற்பரப்பில் சுமார் 1 சதவீதம்தான் திறக்கும். மேலே இலேசான உருளையை ஓட்டிவிட்டால் ஒரு வாரத்தில் பந்து ஒழுங்காக ஓடும். போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே இதை முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு புல்வெட்டும் உயரத்தில் கை வைக்காதீர்கள். 'விருந்தாளிகள் வருகிறார்கள், கிரீன் வேகமாக ஓட வேண்டும்' என்று கடைசி வாரத்தில் கத்தியைத் தாழ்த்தும் ஆசை எல்லாக் கிளப்பிலும் உண்டு. மழைக்காலத்தில் வழக்கத்தைவிட அரை மில்லிமீட்டர் உயர்த்தி வெட்டுவதே நல்லது. பச்சை நிறம் வேண்டுமென்றால் யூரியாவைக் கொட்டாதீர்கள், ஈரத்தில் பூஞ்சை கொண்டாட்டம் போடும். இரும்பு சல்பேட் தெளித்தால் புல் பாய்ந்து வளராமல் நிறம் மட்டும் ஏறும். சிமெண்ட் நடைபாதையில் மட்டும் அது படக்கூடாது, அந்தத் துருக்கறை அடுத்த தீபாவளிக்கும் அங்கேயே இருக்கும்.

உண்மையான துளையிடலை பிப்ரவரிக் கடைசியிலும் ஜூலைக் கடைசியிலும் வையுங்கள். இரண்டுமே வறண்ட காலத்தின் வால் பகுதி. மணல் காய்ந்து இறங்கும், சில வாரங்களில் மழை கூடிப் புல் தானாக மூடிக்கொள்ளும். மேற்பரப்பில் ஆண்டுக்கு 15 முதல் 20 சதவீதம் திறக்க வேண்டும் என்பது இத்துறையில் நெடுங்கால வழக்கு. 15 மில்லிமீட்டர் குழலை 50 மில்லிமீட்டர் இடைவெளியில் ஓட்டினால் ஒரு முறைக்கு 7 சதவீதம், ஆண்டுக்கு இரண்டு முறை என்றால் 14. சிறிய கிளப்புக்கு அது போதும். மூன்று வாரம் கிரீன் கரடுமுரடாக இருக்கும். அந்த மூன்று வாரத்தை நாள்காட்டியில் முதலில் சிவப்பு மையால் அடைத்துவிட்டு, மிச்சமுள்ள ஞாயிறுகளைத்தான் போட்டிகளுக்குப் பங்கு போட வேண்டும். ரமலான் மாதத்தில் பெரும்பாலான கிளப்களில் விருந்தும் போட்டியும் குறையும். அது ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னால் நகர்வதால், பிப்ரவரியோடு ஒட்டி வரும் ஆண்டுகளில் உங்களுக்கு வசதி.

மணலுக்கு இப்போதே சொல்லி வையுங்கள், இதில்தான் சிறிய கிளப்கள் சறுக்குகின்றன. ஒரு கிரீன் 400 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 75 மில்லிமீட்டர் ஆழத் துளைகளை நிரப்பவே 2 கன மீட்டருக்குச் சற்று மேல் வேண்டும். மேலே 2 மில்லிமீட்டர் பரப்பினால் இன்னொரு 0.8. ஒரு கிரீனுக்கு 3 கன மீட்டர் வீதம் ஒன்பதுக்கும் 27. அந்த மணல் முழுவதும் நனையாமல் கிடக்க ஒரு கூரை வேண்டும். கட்டுமானக் கடையில் கிடைப்பதை வாங்காதீர்கள், கடல் மணலைத் தொடவே தொடாதீர்கள். கழுவிய மணல் வேண்டும், கால் மில்லிமீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட பருமன் பெரும்பகுதியாக இருக்க வேண்டும். கண்ணாடிப் புட்டியில் ஒரு கைப்பிடி போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். சிறிது நேரத்தில் தண்ணீர் தெளியாமல் கலங்கியே இருந்தால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். காய்ந்த மணலில் காடி (வினிகர்) சொட்டி நுரைத்தால் அதில் சிப்பித்தூள் இருக்கிறது. எந்த மணலை எடுத்தாலும் அதையே ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். மாற்றி மாற்றிப் போட்டால் அடுக்கடுக்காகப் படிந்து தண்ணீர் நடுவிலேயே நின்றுவிடும்.

இனி உங்கள் ஞாயிறு. 9 குழித் திடலில் எல்லாக் குழியிலிருந்தும் ஒரே நேரத்தில் தொடங்கும் முறையில், குழிக்கு இரண்டு அணி, அணிக்கு நான்கு பேர் என்று 72 பேருக்கு மேல் எடுக்காதீர்கள். காலை 7.30 மணிக்குத் தொடங்கி ஒன்பது குழியோடு முடியுங்கள். பிற்பகல் இடி எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியும். முதல் இடிச் சத்தத்தில் சங்கு ஊதி அனைவரையும் கட்டடத்துக்குள் கூப்பிடும் பொறுப்பை ஒருவரிடம் எழுதியே கொடுங்கள். கூடாரம் மின்னலுக்குப் பாதுகாப்பு ஆகாது. பரிசளிப்பை மதிய உணவோடு வைத்தால், பிரமுகர் உரை நீண்டாலும் மழை ஏதாவது ஒரு கட்டத்தில் கை கொடுக்கும்.

ஒவ்வொரு கிரீனிலும் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, போட்டிக்கு முந்தைய இரண்டு வாரமும் அங்கே குழி வைக்காமல் பாதுகாக்கச் சொல்லுங்கள். அன்று குழியை அங்கே வைத்தால் கிரீன் புதிதாகத் தெரியும். உங்கள் மேற்பார்வையாளருக்கு இது தெரிந்திருக்கும், அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

9ஆவது கிரீனை ஒட்டிக் கூடாரம் வேண்டவே வேண்டாம். முளைக்கம்பி நீர்க்குழாயில் இறங்கினால் செலவு ஒருபுறம், ஈரத்தில் நூறு பேர் நடந்தால் கிரீனைச் சுற்றியுள்ள கழுத்துப் பகுதி சேறாகும். கூடாரத்தை வாகன நிறுத்துமிடத்தின் ஓரத்தில் போடுங்கள். சத்தே அடுப்பையும் பிரியாணிச் சட்டியையும் சிமெண்ட் தரையில் வையுங்கள், கரியும் கொதிநீரும் பட்டால் புல் கருகிவிடும். பட்டாசுக்கும் அதே இடம்தான். பிள்ளைகள் பட்டிங் (பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் ஆட்டம்) விளையாட ஆசைப்பட்டால் பயிற்சிக் கிரீனைத் திறந்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். குதிகால் உயர்ந்த காலணிக்கும் அதுவே சட்டம், தலைவரின் துணைவியார் என்றாலும்.

மாலை விளக்குகளைக் கிரீன் பக்கம் திருப்பாதீர்கள். புல்லைத் தின்னும் படைப்புழுவின் தாய் அந்துப்பூச்சி வெளிச்சத்துக்கு வந்து, பக்கத்திலுள்ள கம்பம், சுவர், கொடிக்கம்பு எங்கும் முட்டையிடும். மறுநாள் காலை துப்புரவுக்கு வருபவர்களிடம் கம்பங்களைக் காட்டுங்கள். பஞ்சு ஒட்டியதுபோல் சாம்பல் நிறத் திட்டு இருந்தால் ஈரத்துணியால் வழித்து எடுத்துவிட வேண்டும். ஒரு வாரம் கழித்து, விளக்குக்கு மிக அருகிலிருந்த கிரீனின் ஓரத்தில் ஒரு சதுர மீட்டர் அளந்து, நான்கு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி பாத்திரச் சோப்புத் திரவம் கலந்து ஊற்றுங்கள். புழு இருந்தால் சில நிமிடங்களில் மேலே நெளிந்து வரும். வந்தால் மருந்தை மாலையில் அடியுங்கள், அவை இரவில்தான் மேய வருகின்றன. ஒன்றும் வரவில்லையென்றால் மருந்துச் செலவை மணல் கணக்கில் சேர்த்துவிடலாம்.