கேஸி மார்ட்டின் ஏன் பயிற்சியாளர் ஆனார்? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

கோல்ஃப் வீரர் கேஸி மார்ட்டினின் வழக்கைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பிறவியிலேயே வலது காலில் ரத்த ஓட்டக் கோளாறு, நீண்ட தூரம் நடக்க முடியாது, போட்டியில் வண்டியில் போக அனுமதி கேட்டு, தொழில்முறை கோல்ஃப் போட்டிகளை நடத்தும் பிஜிஏ டூர் மீது வழக்கு, 2001-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஏழுக்கு இரண்டு என்று வெற்றி. அதுவரை மூச்சுவிடாமல் படித்தேன். கடைசியில் "2006-இல் ஆரிகன் பல்கலைக்கழக ஆண்கள் கோல்ஃப் அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அவ்வளவு போராடியது ஒரு கல்லூரியில் கோச் ஆவதற்குத்தானா என்று மனசு கேட்கிறது.

இன்னொரு சந்தேகமும் உண்டு. கோல்ஃபில் அவரவர் பந்தை அவரவர் அடிக்கிறார்கள். இதில் அணி எங்கே வருகிறது, பயிற்சியாளருக்கு என்ன வேலை? கலிஃபோர்னியாவில் இருக்கும் என் அண்ணன் மகன் பள்ளி அணியில் ஆடுகிறான். கல்லூரி அணியில் சேர வேண்டும் என்கிறான். அண்ணனுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

அந்தக் கட்டுரை வழக்கைப் பற்றியது. அதனால் தீர்ப்போடு நின்றது. ஆனால் மார்ட்டினின் வாழ்க்கை தீர்ப்போடு நிற்கவில்லை. உங்கள் கேள்வி வந்தது நல்லதுதான்.

முதலில் காலக்கணக்கைச் சரியாக வைத்துக்கொள்வோம். அவர் போராடியது ஆடும் உரிமைக்காக. அந்த உரிமை அவருக்குக் கிடைத்தது, அதைப் பயன்படுத்தியும் கொண்டார். கீழ்நீதிமன்றத் தீர்ப்பின் பலத்தில் 1998 யு.எஸ். ஓப்பனில் வண்டியில் போய் ஆடி, 23-ஆம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். 2000-இல் பிஜிஏ டூரில் ஒரு முழு சீசன் ஆடினார். ஆனால் அந்த டூரில் தொடர்ந்து ஆடத் தேவையான அட்டையைத் தக்கவைத்துக்கொள்ளும் அளவுக்கு ஸ்கோர் வரவில்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த 2001 மே மாதத்திலேயே அவருடைய உச்சகாலம் ஏறக்குறைய கடந்திருந்தது. ஐந்து வருடம் கழித்து, பிறந்த ஊரான யூஜீனுக்கே திரும்பி, அங்கிருக்கும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பை ஏற்றார். ஆட்டக்காரராக அவர் டூரில் இருந்த காலத்தைவிட பயிற்சியாளராக இருந்த காலம் பல மடங்கு நீளம். எது முக்கியமான வேலை என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

சரி, அணி எங்கே வருகிறது? அமெரிக்கக் கல்லூரி கோல்ஃபில் ஒரு போட்டிக்கு ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஐந்து பேர் ஆடுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதில் சிறந்த, அதாவது குறைந்த ஸ்ட்ரோக்கில் (அடிகளில்) முடித்த, நான்கு ஸ்கோர் மட்டும் கணக்கில் சேரும். ஐந்தாவது ஸ்கோர் தள்ளுபடி. கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? அந்த ஐந்தாவது ஆள் யார் என்பது சுற்று முடியும்வரை யாருக்கும் தெரியாது. காலையில் முதல் மூன்று குழியில் நான்கு ஸ்ட்ரோக் இழந்த பையன் "இன்று என் ஸ்கோர் எப்படியும் வேண்டாம்" என்று மனம் தளர்ந்துவிட்டால், மாலையில் இன்னொருவன் அதைவிட மோசமாக ஆடியிருப்பான், இவனுடைய ஸ்கோர்தான் கணக்கில் ஏறும். கல்லூரி கோல்ஃபின் பெரும்பாலான தோல்விகளுக்குப் பின்னால் இப்படிக் கைவிடப்பட்ட ஒரு மதியம் இருக்கும் என்பது என் எண்ணம்.

தொழில்முறை ஆட்டக்காரருக்குப் பக்கத்தில், மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு யோசனையும் சொல்லும் கேடி இருப்பார். கல்லூரிப் பையன் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு போகிறான். அவனிடம் ஆட்டத்தின் நடுவே பேச அனுமதி இருப்பது பயிற்சியாளருக்குத்தான். ஆனால் ஐந்து பேரும் மைதானத்தில் ஆளுக்கொரு குழியில் இருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒருவன் பக்கத்தில்தான் நிற்க முடியும். நன்றாக ஆடுகிறவனிடம் போவதா, சரிகிறவனிடம் போவதா? போனால் பேசுவதா, சும்மா கூடவே போவதா? சில பையன்களுக்குப் பயிற்சியாளர் வருவதைப் பார்த்தாலே கை இறுகிவிடும். மட்டை சுழற்றுவதைக் கற்றுத்தர ஒவ்வொரு பையனுக்கும் சின்ன வயதிலிருந்தே தனி ஆசான் உண்டு. தலைமைப் பயிற்சியாளர் பெரும்பாலும் அதில் கை வைப்பதில்லை. எவனை ஆடவைப்பது, எவனை உட்காரவைப்பது, எவன் பக்கத்தில் நிற்பது, இதுதான் அவருடைய வேலை.

அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. பையன்களைத் தேடிப் பிடிப்பது. 2013-இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஒன்றைச் சொன்னால் புரியும். யு.எஸ். ஜூனியர் அமெச்சூர் போட்டிக்கான தகுதிச் சுற்று. பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் ஆடுகிறார்கள். தன் அணிக்கு ஆள் பார்க்க மார்ட்டின் வழக்கம்போல் வண்டியில் வந்திருக்கிறார். பார்வையாளர்களுக்கு வண்டி கிடையாது என்று சொல்லி அதிகாரிகள் அவரை வண்டியை விடச் சொல்கிறார்கள். வண்டிக்காக உச்ச நீதிமன்றம்வரை போய் ஜெயித்த மனிதரிடம்! பின்னர், அந்தப் போட்டியை நடத்தும் அமெரிக்க கோல்ஃப் சங்கமான யு.எஸ்.ஜி.ஏ. அவரிடம் மன்னிப்புக் கேட்டது. செய்தியில் எல்லோரும் வண்டியைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு அதில் பட்டது வேறு. தோற்றாலும் ஜெயித்தாலும் பத்திரிகையில் பெயர் வராத ஒரு தகுதிச் சுற்றுக்கு, அந்தக் காலை வைத்துக்கொண்டு, ஒரு பையனைப் பார்க்க அவர் போயிருக்கிறார். இந்த வேலையின் முக்கால் பங்கு இப்படிப்பட்ட நாட்கள்தான்.

ஆரிகனுக்கு ஆள் சேர்ப்பது லேசான காரியமும் இல்லை. யூஜீனில் குளிர்காலம் முழுக்க மழை. கலிஃபோர்னியா, அரிசோனா, ஃபுளோரிடா பல்கலைக்கழகங்கள் ஜனவரியிலும் வெயிலைக் காட்டிக் கூப்பிடும்போது, இவர் மழையைக் காட்டிக் கூப்பிட வேண்டும். கொடுக்கப் பணமும் அதிகம் இருக்காது. கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான முதல் டிவிஷனில், பல வருடங்களாக ஆண்கள் கோல்ஃப் அணி ஒன்றுக்கு மொத்தமே நான்கரை முழு உதவித்தொகைதான். அதை எட்டு, பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒருவனுக்குக் கால் பங்கு, இன்னொருவனுக்குப் பாதி, மூன்றாவது பையனுக்குச் சட்டை, மட்டை, பயணச் செலவு மட்டும். யாருக்கு எவ்வளவு என்று முடிவெடுப்பவரும் அதே பயிற்சியாளர்தான்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ஆரன் வைஸ். கேப் டவுனில் பிறந்து, கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர். 2016-இல் தேசியத் தனிநபர் பட்டம் வென்றார். அதே வாரம், சொந்த ஊரான யூஜீனின் மைதானத்திலேயே, ஆரிகன் அணிப்பட்டத்தையும் வென்றது. 2009-இலிருந்து அணிப்பட்டத்தின் கடைசிக் கட்டம் மேட்ச் பிளே. ஸ்ட்ரோக் கணக்கில் முதல் எட்டு இடம் பிடித்த அணிகள் மோதும். ஐந்து பேர் எதிரணியின் ஐந்து பேரோடு தனித்தனியாக ஆடுவார்கள், மூன்று ஆட்டம் ஜெயித்தால் போதும். இறுதியில் எதிரணி டெக்சஸ். இன்று உலகம் அறிந்த ஸ்காட்டி ஷெஃப்லர் அந்த அணியில் இருந்தார். ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். டெக்சஸின் முதன்மை ஆட்டக்காரர் போ ஹாஸ்லருக்கு அரையிறுதியில் தோளில் காயம். இறுதியில் அவரால் ஆட முடியவில்லை. ஆரிகனுக்கு ஒரு புள்ளி ஆடாமலே வந்தது. ஆனாலும் ஆட்டங்கள் 2-2 என்று நின்று, கடைசி ஜோடியின் ஆட்டம் பதினெட்டுக் குழியைத் தாண்டிப் போனது. மூன்றாவது கூடுதல் குழியில் ஆரிகனின் சுல்மான் ராஸா பேர்டி (குழிக்குரிய கணக்கைவிட ஒரு அடி குறைவு) அடித்து முடித்தார். ராஸா யூஜீன்காரர். பயிற்சியாளரும் யூஜீன்காரர். ஆரிகன் ஆண்கள் கோல்ஃபுக்கு அதுதான் முதல் தேசியப் பட்டம். சுற்றிநின்றவர்களில் பாதிப் பேர் அந்த இருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கமுள்ளவர்களாக இருந்திருப்பார்கள்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது விண்டம் கிளார்க்கின் விஷயம். கோல்ஃபுக்குப் பேர்போன ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர். 2013-இல் அம்மாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். தொடக்கத்தில் நன்றாக ஆடினாலும் அப்புறம் ஆட்டம் உடைந்தது. கோபத்தில் மைதானத்தை விட்டு வெளியேறிய நாட்களும் உண்டு. கடைசி ஒரு வருடம் மட்டும் மிச்சமிருந்தபோது ஆரிகனுக்கு மாறினார். ஒரு வருடம் மட்டும் இருக்கப்போகிற, உள்ளுக்குள் நொறுங்கிய ஒரு பையனுக்கு இடம் கொடுப்பது எந்தப் பயிற்சியாளருக்கும் யோசிக்க வேண்டிய விஷயம். அந்த இடத்துக்கு நான்கு வருடம் இருக்கப்போகிற இன்னொருவனைக் கொண்டுவரலாம். மார்ட்டின் அவரை எடுத்தார். அந்த 2016-17 சீசனில் கிளார்க், ஆரிகன் ஆடிய பேக்-12 என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் சிறந்த ஆட்டக்காரர். அணி மறுபடியும் தேசிய இறுதிவரை போய் ஓக்லஹோமாவிடம் தோற்றது. 2023-இல் லாஸ் ஏஞ்சலிஸில் கிளார்க் யு.எஸ். ஓப்பனை வென்றார், ரோரி மெக்கில்ராயை ஒரே ஸ்ட்ரோக்கில் முந்தி. ஒவ்வொரு அடியும் வலிக்கும் காலோடு இருபது வருடம் கோல்ஃப் ஆடிய ஒருவரிடம், மனம் உடைந்த பையன் "என்னால் முடியவில்லை" என்று சொன்னால் அவருக்கு அது உடனே புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். 2021-இல் மார்ட்டினின் அந்தக் காலையே வெட்டி எடுக்க வேண்டி வந்தது.

ஆட முடியாமல் போனவர்கள்தான் கோச் ஆகிறார்கள் என்ற எண்ணம் உங்கள் கடிதத்தில் மறைந்திருக்கிறது. அதற்கு நேர் எதிரான ஒருவரைச் சொல்கிறேன். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் டேவ் வில்லியம்ஸ் பொறியியல் ஆசிரியர். ஆட்டக்காரராகப் பெயர் எடுத்தவரே இல்லை. 1951-இல் கோல்ஃப் அணி அவர் பொறுப்பில் வந்தது. 1956-இலிருந்து 1970 வரையிலான 15 ஆண்டுகளில் 12 முறை தேசியப் பட்டம். 1987-இல் அவர் விலகும்போது மொத்தம் 16. இன்று கல்லூரிப் பயிற்சியாளர்களுக்குக் கொடுக்கும் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதுக்கே அவர் பெயர்தான். ஆட்டத்தில் தோற்று இங்கே வந்தவர் என்று அவரைச் சொல்லவே முடியாது, தொழில்முறையில் ஆடியே இராதவர் ஆயிற்றே. ஆளைப் பார்த்துத் தேர்வு செய்யும் கண் அவருக்கு இருந்தது.

அந்தக் கண் கோல்ஃபோடு நிற்கவும் இல்லை. 1970-களின் பிற்பகுதியில் ஜிம் நான்ட்ஸ் என்ற பையனை அவர் அணியில் சேர்த்துக்கொண்டார். ஆட்டத்தில் பெரிதாக வரக்கூடியவர் இல்லை, தொலைக்காட்சி வர்ணனையாளர் ஆக வேண்டும் என்ற கனவோடு இருந்தவர். அவரை அணியின் நல்ல ஆட்டக்காரரான ஃப்ரெட் கப்பிள்ஸோடு ஒரே விடுதி அறைகளில் தங்கவைத்தார். மாஸ்டர்ஸ் என்ற பெரிய கோல்ஃப் போட்டியை வென்றவருக்குப் பச்சைக் கோட்டு போடும் நிகழ்ச்சியை அந்தப் பையன்கள் அறையிலேயே நடித்துப் பார்ப்பார்களாம். 1992-இல் கப்பிள்ஸ் உண்மையாகவே மாஸ்டர்ஸ் வென்றார். பேட்டி எடுத்தது நான்ட்ஸ். கப்பிள்ஸைக் கண்டெடுத்திருக்க இன்னும் பத்துப் பயிற்சியாளர்கள் இருந்திருப்பார்கள். நான்ட்ஸுக்கு இடம் கொடுத்திருக்க அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள்.

இனி உங்கள் அண்ணன் மகன். இப்போதைய விதிப்படி, பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15-க்குப் பிறகுதான் முதல் டிவிஷன் பயிற்சியாளர்கள் ஒரு மாணவனோடு நேரடியாகப் பேச ஆரம்பிக்கலாம். 2025-26-இலிருந்து இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. கல்லூரி விளையாட்டு பற்றிய வழக்கில் ஏற்பட்ட புதிய உடன்பாட்டில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் அந்த நான்கரை உதவித்தொகைக் கணக்கு போய், ஆண்கள் கோல்ஃப் அணிக்கு ஒன்பது பேர் என்ற வரம்பு வந்துவிட்டது. பணம் கூடலாம், இடம் குறைவு. முதல் டிவிஷனை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். இரண்டாம், மூன்றாம் டிவிஷனிலும் நல்ல பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள்.

பயிற்சியாளர் பேசும்போது பையன் ஒன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும்: போட்டிக்குப் போகும் ஐந்து பேரை எப்படித் தேர்வு செய்கிறீர்கள்? சிலர் அணிக்குள்ளேயே தகுதிச் சுற்று வைத்து ஸ்கோரை மட்டும் பார்ப்பார்கள். சிலர் மூன்று பேரை ஸ்கோரால் எடுத்து, இரண்டு இடத்தைத் தங்கள் கையில் வைத்துக்கொள்வார்கள். இரண்டும் சரியான முறைதான். ஆனால் தெளிவாகப் பதில் சொல்லாத பயிற்சியாளரிடம் பையனை விட நான் யோசிப்பேன்.

அப்புறம், மின்னஞ்சலைப் பையனே எழுதட்டும், அப்பா எழுதிக்கொடுக்க வேண்டாம். ஸ்டான்ஃபோர்டின் பயிற்சியாளர் வால்லி குட்வின் 1989-இல் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் கடிதம் போட்டார். பையன் தானே பதில் எழுதினான். ஸ்டான்ஃபோர்டு தன்மீது ஆர்வம் காட்டியதற்கு நன்றி, தன் மதிப்பெண் சராசரி 3.86, கோல்ஃப் ஹேண்டிகேப் (குறைய குறையத் திறமை கூடுதல் என்று காட்டும் எண்) 1, உடற்பயிற்சி செய்துகொண்டிருக்கிறேன் என்று அடக்கமாக, விவரமாக. கீழே டைகர் வுட்ஸ் என்று கையெழுத்து. குட்வினின் அணியில்தான் கேஸி மார்ட்டினும் ஆடினார். 1994-இல் அந்த அணி தேசியப் பட்டம் வென்றது, அடுத்த வருடம் வுட்ஸும் மார்ட்டினும் ஒரே அணியில் ஆடினார்கள். உங்கள் அண்ணன் மகனும் தன் ஸ்கோர்களையும், ஆடிய மைதானங்களின் பெயர்களையும், மதிப்பெண்ணையும், எந்தப் படிப்பில் ஆர்வம் என்பதையும் ஒரு பக்கத்துக்குள் எழுதினால் போதும். மோசமான சுற்றுகளையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். பயிற்சியாளர் எப்படியும் தேடிப் பார்த்துவிடுவார்.

அன்புடன்